எலெக்ட்ரிக் பெர்ஃபார்மன்ஸ் கார் பஞ்சரானால்: ஸ்டெப்னி இல்லாமல் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நூறு கிலோமீட்டர் வேகத்தை 3.8 நொடியில் தொடும் பிஒய்டி சீல் பெர்ஃபார்மன்ஸ் என்ற எலெக்ட்ரிக் காரை ஒன்றரை அங்குல ஆணி ஒன்று நிறுத்திவிடும். அதில் ஆச்சரியம் இல்லை, எந்தக் காரும் அப்படித்தான். ஆனால் பெட்ரோல் காரில் நமக்குப் பழகிப்போன வைத்தியம், அதாவது ஜாக்கியை வைத்து ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்புவது, இந்த வகைக் கார்களில் பெரும்பாலும் நடக்காது. டிக்கியின் தரையைத் தூக்கிப் பார்த்தால் காற்று நிரப்பும் ஒரு சின்ன கம்ப்ரசரும், துளையை அடைக்கும் திரவமான சீலன்ட் பாட்டிலும்தான் இருக்கும்.

காரணங்கள் மூன்று. பேட்டரி அடித்தளம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. இருபது கிலோ எடையைக் குறைத்தாலும் ரேஞ்சுக்கு, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்துக்கு நல்லது என்று தயாரிப்பாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். 2020 இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தமும் வழிவிட்டது. டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் டிபிஎம்எஸ்ஸும் ரிப்பேர் கிட்டும் இருந்தால் 3.5 டன் வரையிலான பயணிகள் காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை. வேகக் கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸில் முன்னால் 235/35 ஆர்20, பின்னால் 275/30 ஆர்20 டயர்கள். போர்ஷே டைகானிலும் முன்பின் அளவு வேறு. ஒரே ஸ்டெப்னி நான்கு பக்கமும் பொருந்தாது. சின்ன ரிம் உள்ள ஸ்டெப்னியோ பெரிய பிரேக் காலிப்பரில் இடிக்கும்.

அதனால் இந்தக் காரில் பஞ்சர் வேலையில் பாதி, பஞ்சர் ஆவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன்: உங்கள் டயர் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நிழலில் காரை நிறுத்தி டயரின் பக்கச் சுவரை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். அளவு, அதற்குப் பக்கத்தில் லோடு இண்டெக்ஸ் எண், வேக எழுத்து. எண் 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ. வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300 கிலோமீட்டர் வேகம் வரை. நம் ஊர் சாலையில் இந்த வேகம் எதற்கு என்று கேட்கலாம். எழுத்து வேகத்தை மட்டும் சொல்வதில்லை. சூட்டை எவ்வளவு தாங்கும், கட்டுமானம் எவ்வளவு உறுதி என்பதையும் சொல்கிறது. சீல் பெர்ஃபார்மன்ஸ் 2,185 கிலோ. ஒரு ஸ்விஃப்ட்டைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அவசரத்துக்குக் கடையில் கிடைத்த ஏதோ ஒரு டயரை மாட்ட முடியாததற்கு இந்த எடைதான் காரணம். சில புதிய டயர்களில் அளவுக்கு முன்னால் ஹெச்எல் என்று இருக்கும். சாதாரண டயரைவிட அதிகச் சுமை தாங்கும் எக்ஸ்எல் டயரைவிடவும் கூடுதல் சுமை தாங்கும் என்று பொருள். கனமான எலெக்ட்ரிக் கார்களை மனதில் வைத்து வந்த குறி அது. அந்தக் குறியுள்ள டயரை இழந்தால் அதே குறியுள்ளதைத்தான் தேட வேண்டும்.

அடுத்தது முக்கியம். டயருக்குள்ளே ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கிறதா? இன்ஜின் சத்தம் இல்லாத காரில் டயர் இரைச்சல் பெரிதாகக் கேட்கும் என்பதால் பல எலெக்ட்ரிக் கார்களின் டயர்களில் உட்புறம் பாலியூரித்தேன் நுரையை ஒட்டியிருப்பார்கள். கான்டினென்டலில் கான்டிசைலன்ட், மிஷெலினில் அகூஸ்டிக், பைரெல்லியில் பிஎன்சிஎஸ் என்று பெயர் பொறித்திருக்கும். இன்னொரு வகை, உள்ளே பிசின் பூசிய தானே அடைத்துக்கொள்ளும் டயர்: கான்டிசீல், சீல் இன்சைட் போன்றவை. இதில் நாலைந்து மில்லிமீட்டர் ஆணி ஏறினாலும் காற்று பெரும்பாலும் போகாது. உங்களுடையது எந்த வகை என்பதைப் பொறுத்து சாலையில் செய்யும் வேலையே மாறும். ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் போனில் பேசும்போதும் அது உதவும்.

டிக்கியில் அல்லது முன்பக்கப் பெட்டியில் இருக்க வேண்டியவை:

- டியூப்லெஸ் பஞ்சர் கிட்: துளையைச் சுத்தம் செய்யும் முறுக்குக் கம்பி, ஊசி, துளையில் செருகி அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப்புகள், ரப்பர் சொல்யூஷன். சில நூறு ரூபாய்தான். கைப்பிடி பிளாஸ்டிக்காக இல்லாமல் இரும்பில், டி வடிவில் இருப்பதை வாங்குங்கள். அகலமான டயரில் குத்தும்போது பிளாஸ்டிக் உடையும்.
- 12 வோல்ட் கம்ப்ரசர், தனியாக ஒரு பிரஷர் கேஜ்.
- கட்டிங் பிளையர், கையுறை, ஹெட்லேம்ப், ஒளிரும் ஜாக்கெட், எச்சரிக்கை முக்கோணம்.
- உங்கள் காருக்கான ஜாக்கி பேட். ஹாக்கி பக் போன்ற ரப்பர்த் துண்டு அது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.
- லாக் நட்டு சாவி. அலாய் திருட்டுக்குப் பயந்து லாக் நட்டு போட்டுவிட்டு, சாவியை வீட்டு அலமாரியில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

சீலன்ட் பாட்டிலில் காலாவதி தேதி இருக்கும், பார்த்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் அது கெட்டியாகிக் கிடப்பது சகஜம்.

சாலையில் முதல் சில நிமிடங்கள்

டிபிஎம்எஸ் மணி அடித்ததும் எண்ணைப் பாருங்கள். 38 பிஎஸ்ஐ இருந்தது 34 ஆகி அப்படியே நின்றால் பதற்றப்படத் தேவையில்லை. கண்ணெதிரே 30, 27, 23 என்று இறங்கினால் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும்.

எலெக்ட்ரிக் காருக்கே உரிய ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை டக்கென்று எடுத்துவிடாதீர்கள். காலை எடுத்தாலே மோட்டார் காரை இழுத்து வேகத்தைக் குறைக்கும் ஒன் பெடல் முறையில் அப்படி எடுப்பது நல்ல பிரேக் பிடிப்பதற்குச் சமம். காற்றில்லாத பின்சக்கரம் அந்த இழுப்பில் வழுக்கிவிடும். ஸ்டியரிங்கை இரு கையாலும் நேராகப் பிடித்து, காலை மெல்ல மெல்லத் தளர்த்தி, வேகம் தானாகக் குறைய விடுங்கள். வேகம் அடங்கிய பிறகு மோட்டாரின் இந்த இழுப்பை, அதாவது ரீஜென் அளவைக் குறைத்துவிட்டு இடதுபக்கம் ஒதுங்கலாம்.

எங்கே நிறுத்துவது? கொஞ்சமாவது காற்று இருந்தால் அடுத்த டோல்கேட் அல்லது பெட்ரோல் பங்க் வரை மெதுவாகப் போவதுதான் நல்லது. சென்னை-திருச்சி சாலை என்றால் பரனூர், விக்கிரவாண்டி, சமயபுரம் டோல்கேட்டுகளில் வெளிச்சமும் ஆட்களும் இருப்பார்கள். காற்று முழுதும் போய்விட்டால் இந்த யோசனை செல்லாது. 235/35 டயரின் பக்கச் சுவர் உயரம் வெறும் 82 மில்லிமீட்டர். சில நூறு மீட்டர் உருண்டாலே பக்கச் சுவர் உள்ளே நசுங்கி, ரிம் தரையில் தேய ஆரம்பிக்கும். டயர் போனால் ஆயிரங்கள், அலாயும் சேர்ந்து போனால் கணக்கே வேறு.

நிறுத்தியதும் ஹசார்டு விளக்கைப் போட்டு, ஜாக்கெட்டை மாட்டி, முக்கோணத்தைக் குறைந்தது ஐம்பது மீட்டர் பின்னால் வையுங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கும். ஐம்பது மீட்டர் என்பது இரண்டு நொடிகூட இல்லை. இடம் இருந்தால் இன்னும் தள்ளி வையுங்கள். கூட வந்தவர்களைத் தடுப்புக்கு வெளியே நிறுத்துங்கள். ஏசி மணிக்கணக்கில் ஓடும், பேட்டரி தாங்கும் என்பது உண்மைதான். அதற்காக நெடுஞ்சாலை ஓரத்தில் காருக்குள் உட்கார வைக்காதீர்கள். பஞ்சரான சக்கரம் லாரிகள் போகும் பக்கம் இருந்தால் குனிந்து வேலை செய்யவே கூடாது. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

டயரைப் பார்த்து முடிவெடுப்பது

ஆணி தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். அதுதான் இப்போதைக்கு அடைப்பு.

ஆணி டயரின் நடுப்பகுதியில், பள்ளக்கோடுகள் உள்ள இடத்தில் இருக்கிறது, துளை ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இல்லை என்றால் சரிசெய்யலாம். அதே ஆணி ஓரத் தோளிலோ பக்கச் சுவரிலோ இருந்தால் அந்த டயரின் கதை முடிந்தது. சாலையில் எதையும் முயற்சி செய்யாமல் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். பக்கச் சுவரில் முட்டை போல் வீக்கம் தெரிந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று பொருள். காற்று இருந்தாலும் ஓட்டக் கூடாது. ஆணியே இல்லாமல் பள்ளத்தில் இறங்கிய பிறகு காற்று போகிறதென்றால் ரிம்மின் உதடு வளைந்திருக்கும், அல்லது கீறல் விட்டிருக்கும். தாழ்ந்த பக்கச் சுவருள்ள டயர்களில் இது அடிக்கடி நடக்கிறது. சீலன்ட் இதற்கு உதவாது.

காற்று மெதுவாக இறங்கும் வகைதான் மிச்சம். காற்றை நிரப்பிப் பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி பாருங்கள். ஒன்றிரண்டு பிஎஸ்ஐ மட்டும் குறைந்தால், ஆணியை அப்படியே விட்டுவிட்டு, அறுபதைத் தாண்டாமல், திரையில் எண்ணைப் பார்த்தபடியே நல்ல கடை வரை போய்விடலாம். நடுச்சாலையில் வித்தை காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஸ்ட்ரிப் போடுவது: முதல் வழி

சீலன்டா ஸ்ட்ரிப்பா என்றால் நான் ஸ்ட்ரிப் பக்கம்தான். ஸ்ட்ரிப் தோற்றால் அடுத்து சீலன்ட் இருக்கிறது. சீலன்ட் ஊற்றிவிட்டு அது தோற்றால் டயருக்குள் கஞ்சி போல் திரவம் நிற்கும். பிறகு ஸ்ட்ரிப்பும் ஒட்டாது, கடைக்காரர் முகமும் சுளிக்கும்.

1. காரைத் தூக்க வேண்டாம். சில அங்குலம் நகர்த்தி, ஆணி கைக்கு எட்டும் உயரத்தில் வரும்படி நிறுத்துங்கள். முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் முகம் வெளியே தெரியும்.
2. பி கியரில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை இழுத்து, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கம்ப்ரசருக்கு மின்சாரம் வேண்டுமென்பதால் கார் ஆனில் இருக்கும். சத்தமே இல்லாததால் ஆஃபில் இருப்பதாக எண்ணி யாராவது உள்ளே ஏறி எதையாவது மிதித்துவிடக் கூடாது.
3. காற்று ஓரளவு இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். தட்டையான டயரில் முறுக்குக் கம்பி இறங்காது. காற்றே இல்லை என்றால் ஆணியோடு சேர்த்து முதலில் 30 பிஎஸ்ஐ வரை நிரப்புங்கள்.
4. ஸ்ட்ரிப்பை ஊசியில் கோத்து, சொல்யூஷன் தடவித் தயாராக வைத்த பிறகுதான் ஆணியைப் பிடுங்க வேண்டும். எந்தச் சாய்வில் வருகிறது என்று கவனியுங்கள். கம்பியையும் அதே சாய்வில் இறக்க வேண்டும்.
5. முறுக்குக் கம்பியைத் திருகியபடி உள்ளே செலுத்தி, ஏழெட்டு முறை மேலும் கீழும் இழுங்கள். புது டயர் பிடிவாதம் பிடிக்கும்; உடல் எடையைக் கொடுத்துத்தான் அழுத்த வேண்டும்.
6. ஊசியோடு ஸ்ட்ரிப்பை அழுத்தி, இரண்டு முனைகளும் ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே நிற்கும்போது நிறுத்தி, ஊசியை மட்டும் ஒரே இழுப்பில் வெளியே எடுங்கள்.
7. நீட்டி நிற்பதை நறுக்கி, காரின் கதவு ஓர ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம் வரை காற்று நிரப்பி, தண்ணீரோ எச்சிலோ தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

ஸ்பாஞ்சு டயரிலும் இதே முறைதான், ஆனால் ஊசி ரப்பரைத் தாண்டி நுரைக்குள்ளும் போகும், கொஞ்சம் சிக்கும். உள்ளே ஸ்ட்ரிப்பின் வளையம் சரியாக விழாமல் மெல்லக் கசியலாம். அதனால் குமிழிச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். கடைக்குப் போகும் வரைதான் இந்த ஒட்டு. முன்னூறு நானூறு குதிரைத்திறனை ஒரே மிதியில் டயருக்கு அனுப்பும் காரில், ஸ்ட்ரிப்பை நிரந்தரம் என்று நம்பி வேகம் எடுக்க வேண்டாம். எக்கோ மோடுக்கு மாற்றி, எண்பதுக்குள் போங்கள்.

சீலன்ட்: கடைசி வழி

ஆள் இல்லாத இடம், இரவு, மழை, கையில் ஸ்ட்ரிப் இல்லை: அப்போது சீலன்ட் தெய்வம். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, குழாயை வால்வில் மாட்டி, கம்ப்ரசரை ஓடவிடுங்கள். ஆரம்பத்தில் கேஜ் கன்னாபின்னாவென்று ஏறும், அது குழாயில் திரவம் போகும் அழுத்தம். சில கணங்களில் இறங்கிவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் கம்ப்ரசர் கருகும்.

நிரம்பியதும் நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள். உடனே கிளம்பி ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் ஓட்டினால்தான் திரவம் சுழன்று துளையை அடைக்கும். பிறகு நிறுத்தி அழுத்தத்தைப் பாருங்கள். 19 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கியிருந்தால் மேற்கொண்டு ஓட்டக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அதற்கு மேல் நின்றுவிட்டால் அழுத்தத்தைச் சரிசெய்து, 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் கடைக்கு.

ஸ்பாஞ்சு டயரில் இந்தத் திரவம் நுரையில் ஊறி ஒரு பக்கமாகக் கனத்து, ஸ்டியரிங் ஆட ஆரம்பிக்கும். துளைக்குப் போய்ச் சேராமலும் போகலாம். கடையில் டயரைக் கழற்றும் முன்பு சீலன்ட் போட்டதைச் சொல்லிவிடுங்கள். வால்வுக்கு உள்ளே இருக்கும் டிபிஎம்எஸ் சென்சாரையும் துடைத்துக் கழுவ வேண்டும்.

ஜாக்கி வைக்கும்போது

மொத்த வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியை வையுங்கள். பஞ்சரைவிடப் பஞ்சர் கடையில்தான் இந்தக் கார்களுக்குப் பெரிய ஆபத்து. முப்பது வருடமாக டிராலி ஜாக்கியைக் காருக்கு அடியில் தள்ளித் தூக்கிப் பழகியவருக்கு, தட்டையாகத் தெரியும் அந்த அடித்தளம் நல்ல இடமாகத்தான் படும். அது பேட்டரியின் உறை. அங்கே காரின் பாரம் ஒரு புள்ளியில் இறங்கினால் உறை நெளியும். உள்ளே குளிரூட்டும் குழாயும் செல்களும் இருக்கின்றன. அதன் விலை காரின் விலையில் கணிசமான பங்கு.

அதனால் அவர் ஜாக்கியை எடுக்கும்போதே பக்கத்தில் போய் நில்லுங்கள். "அண்ணே, அடியில பூரா பேட்டரி. நான் காட்டுற இடத்துல மட்டும் வைங்க" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நான்கு மூலைகளிலும் சக்கரத்தை ஒட்டி ஜாக்கி வைக்கும் இடங்கள் இருக்கும். டெஸ்லாவில் அவை வட்டத் துளைகள். ஜாக்கி பேட் அதில் செருகி நிற்கும், ஜாக்கி வழுக்கிப் பேட்டரி பக்கம் போகாது.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால் திரையில் ஜாக்கி மோடைப் போட்டுவிட்டுத் தூக்குங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் உயர்கிறதே என்று கார் தானாகவே மட்டம் சரிசெய்யப் பார்க்கும். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். திரும்ப மாட்டும்போது நட்சத்திர வரிசையில், கையால் முதலில், பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில். மாடல் 3க்கு 175 நியூட்டன் மீட்டர், டைகானுக்கு 160. மற்றவற்றுக்குக் கையேட்டைப் பாருங்கள். காற்றுத் துப்பாக்கியால் முழு இறுக்கத்தையும் கொடுக்க விடாதீர்கள்.

ரெக்கவரி வண்டி வந்தால்

காரை முழுதாக மேலே ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட் மட்டும்தான். இரண்டு சக்கரத்தைத் தூக்கி இரண்டை உருளவிடும் இழுவை வண்டி வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். இந்தக் கார்களின் மோட்டாரில் பெரும்பாலும் நிரந்தரக் காந்தம் இருக்கும். சக்கரம் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் உண்டாக்கும், சூடேறும், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் இன்வெர்ட்டர் வரை பாதிக்கும். இரு மோட்டார் காரில் எந்தப் பக்கத்தைத் தூக்கினாலும் இன்னொரு மோட்டார் சுழலும். மேலே ஏற்றும் சில அடிகளுக்கு மட்டும் சக்கரத்தை உருளவிடும் டோ மோடு அல்லது டிரான்ஸ்போர்ட் மோடு போடலாம். அதற்குத் தனியாக உள்ள சின்ன 12 வோல்ட் பேட்டரியில் உயிர் இருக்க வேண்டும். வண்டி வர மூன்று மணி நேரமாகும் என்றால் ஹசார்டு தவிர மற்றதை அணைத்து வையுங்கள். போனில் பதிவு செய்யும்போதே "எலெக்ட்ரிக் கார், ஆல் வீல் டிரைவ், பிளாட்பெட் வேண்டும், ஒரு டயரில் காற்றில்லை" என்று நான்கையும் சொல்லிவிடுங்கள்.

கடையில்

ஸ்ட்ரிப் போட்ட டயராக இருந்தாலும் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். உள்சுவரில் கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டிக் கிடந்தால், காற்றில்லாமல் ஓடிய டயர் அது; வெளியே புதிது போல் பளபளத்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். தூள் இல்லை, துளை நடுவில் என்றால் மஷ்ரூம் பேட்ச் போடலாம்: தண்டு துளையை அடைக்கும், குடை உள்ளே ஒட்டும். ஸ்பாஞ்சு டயரில் அந்த இடத்து நுரையை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்து, ரப்பரைச் சுரண்டிச் சுத்தம் செய்து பேட்ச் ஒட்ட வேண்டும். பொறுமையில்லாத கடையில் நுரை முழுவதையும் பிய்த்துவிடுவார்கள். கார் ஓடும், ஆனால் அந்த மூலையிலிருந்து இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். பேட்ச் போட்ட பிறகு பேலன்சிங் கட்டாயம். பள்ளத்தில் விழுந்த கதை என்றால் அலைன்மென்ட்டும்.

டயரை மாற்ற வேண்டி வந்தால் ஒன்றா, இரண்டா, நான்கா? இரு மோட்டார் எலெக்ட்ரிக் காரில் முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்கும் தண்டு கிடையாது. அதனால் பழைய வகை ஆல் வீல் டிரைவ் ஜீப்புகளைப் போல நான்கையும் மாற்ற வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. ஒரே அச்சில் இடதும் வலதும் ஒத்துப்போவதுதான் முக்கியம். மற்ற டயர் புதிதாக இருந்தால் ஒன்று போதும். பாதி தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். வாங்கும்போது தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: 2324 என்றிருந்தால் 2024 இன் 23வது வாரம். இந்த அளவுகள் எல்லாக் கடையிலும் இருப்பில் இருக்காது, சென்னையிலேயே வரவழைக்க நாளாகலாம். மாவட்டத் தலைநகரில் மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். நீண்ட பயணம் அடிக்கடி போகிறவர்கள் ஒரு டயரை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது வீண் செலவு இல்லை. இன்னும் கார் வாங்கவில்லை என்றால், அதே மாடலில் சின்ன ரிம் கிடைக்குமா என்று கேளுங்கள். 21 அங்குலத்தின் அழகு ஷோரூமோடு சரி.

சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி ஒரு முறை பாருங்கள். மறுநாள் காலை, கார் நகரும் முன்பு, நான்கு டயரிலும் காற்றை அளந்து பஞ்சர் போட்டதை மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். இரண்டு பிஎஸ்ஐக்கு மேல் குறைந்திருந்தால் பேட்ச் கசிகிறது. அதே கடைக்கு மறுபடி போக வேண்டியதுதான்.